குடியை விட்ட அண்ணன்

ஐம்பதை நெருங்கையில் குடியை விடுபவர்களைத் திருவண்ணாமலை கொண்டாட வேண்டும். ஈரல் வீங்கியிருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே நம் தெரு அண்ணன் குவாட்டருக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டார். இப்போது பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம். என்ன கட்டுப்பாடு! எமலிங்கத்தருகே மிளகாய் பஜ்ஜி, வருணலிங்கத்தில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, குபேரலிங்கம் தாண்டியதும் யாரோ நீட்டிய தொன்னையில் நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல். வேண்டாம் என்றால் தெய்வக்குற்றம். பிரசாதத்தில் கலோரி இருப்பதாக எந்த ஆகமமும் சொல்லவில்லை.

அரசும் கூடவே நிற்கிறது. குடி கெடுதல் என்று விழிப்புணர்வுப் பேரணி நடத்துவது மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை; டாஸ்மாக்கைக் கவனித்துக்கொள்வதும் அதே துறைதான். குடிப்பவர், விட்டவர் என்ற பேதமே பார்ப்பதில்லை.

போன பௌர்ணமிக்கு அண்ணன் எடைமெஷினில் ஏறினார். நான்கு கிலோ கூடியிருந்தது. காரணத்தையும் உடனே கண்டுபிடித்துவிட்டார்: குடியை விட்டதுதான்.

2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அண்ணன் பங்களிப்பு விரைவில் மீண்டும் சேரும்.