கணக்குக் கேட்கும் வியாதி: நிதி இலாகாவுக்கு ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ புது தில்லி நிதி இலாகா சமூகத்திற்கு, வரி செலுத்தும் பிரஜைகளில் ஒருவன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தை வருஷந்தோறும் பிப்ரவரி முதல் தேதியன்று தொலைக்காட்சியில் கண்டு ஆனந்தித்து வருகிறோம்.

நிற்க. பார்லிமெண்டின் எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அங்கத்தினர்களை வெகுகாலமாகப் பற்றியிருக்கும் ஒரு வியாதியைக் குறித்தே இதை எழுதத் துணிந்தேன். வரி போடும்போது ‘ஏன்?’ என்றும், செலவழித்தபின் ‘எங்கே?’ என்றும் கேட்பது அதன் லட்சணம். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாதென்று அரசியல் சாசனத்தின் 265-ஆவது ஷரத்து சொல்லிவைத்தது போதாதென்று, சர்க்கார் தன் செலவுகளுக்கு மானியக் கோரிக்கை கொண்டுவந்து லோக்சபையின் சம்மதத்தைப் பெறவேண்டுமென்று 113-ஆவது ஷரத்தும் விதித்துவிட்டபடியால், வியாதிக்குச் சட்டத்தின் போஷணையும் கிடைத்துவிட்டது.

அவர்கள் கையிலுள்ள ஆயுதத்தைப் பார்த்தாலோ தாங்கள் அஞ்ச நியாயமே இல்லை. வெட்டுத் தீர்மானம் என்று அதற்குப் பெயர். கூர்மையெல்லாம் பெயரோடு சரி. ஓர் இலாகாவின் கொள்கையே பிடிக்கவில்லையென்றால் அதன் மானியத்தை 1 ரூபாயாகக் குறைக்கும்படி பிரேரேபிக்கலாம். குறிப்பிட்ட ஒரு குறையை மட்டும் எடுத்துச் சொல்ல விரும்பினால் 100 ரூபாய் குறைக்கச் சொல்லலாம். பல்லாயிரம் கோடி ரூபாய்க் கோரிக்கையில் 100 ரூபாயைக் கழிக்கச் சொல்லி ஒரு மனிதர் ஆவேசத்தோடு எழுந்து நிற்கிறார். பெரும்பான்மை ஆளுங்கட்சியிடம் இருக்கும்வரை அந்த 100 ரூபாயும் பத்திரமாகத்தான் இருக்கும்.

அந்தப் பேச்சுக்கும் பரிகாரம் உண்டு. குறித்த நாளில் குறித்த வேளை வந்ததும், விவாதிக்கப்படாமல் எஞ்சிய கோரிக்கைகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வாக்குக்கு விட்டுவிடும் முறைக்கு, பிரெஞ்சுப் புரட்சியில் தலைகளைத் துண்டித்த யந்திரத்தின் பெயரையே, கில்லட்டின் என்று, சூட்டியிருக்கிறார்கள். 2023-ஆம் வருஷம் மார்ச் 23-ந் தேதி, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டத்துக்கான கோரிக்கைகள், ஒரேயோர் இலாகாவைப் பற்றியேனும் விவாதம் நடவாமல், சில நிமிஷங்களில் நிறைவேறின. சத்தியத்தைச் சொல்வதானால், அன்று எதிர்வரிசையாரும் கோஷம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கோஷமிடும் வாயால் கணக்குக் கேட்க முடியாதென்பதைத் தாங்கள் அறிந்த அளவுக்கு அவர்கள் அறியவில்லை.

வியாதியின் பூர்விகத்தையும் சொல்லிவிடுகிறேன். 1957-ல் அது ஆளுங்கட்சி வரிசையிலேயே தொற்றியது: ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனின் பணம் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிகளுக்குப் போன விதத்தை பெரோஸ் காந்தி விசாரிக்கப்போய், மறு வருஷம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரி பதவியை ராஜினாமா செய்யும்படி ஆயிற்று. 1967-லோ, பொதுக் கணக்குக் குழுவின் தலைமையே முதல்முறையாக எதிர்க்கட்சிக்காரர் ஒருவரிடம், ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியைச் சேர்ந்த மினு மசானியிடம், ஒப்படைக்கப்பட்டது. வரியைக் குறையுங்கள் என்று ஓயாமல் முறையிட்ட அக்கட்சிக்குத் தாங்கள் அளித்த பதில் சரித்திரப் பிரசித்தமானது: 1973-74-ல் வருமானத்தின் உச்சப் படியில் 100 ரூபாய்க்கு 97 ரூபாய் 75 காசு வரி. மீதி 2 ரூபாய் 25 காசை விட்டுவைத்த தயாளத்தை யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை. எதிர்வரிசையிலிருந்து ஆளுங்கட்சி வரிசைக்கு இடம் மாறியவர்களுக்கெல்லாம் இந்த வியாதி மருந்தின்றியே குணமாகிவிடுவது, வைத்திய சாஸ்திரம் ஆராய வேண்டிய விஷயம்.

இனி என் சொந்தக் காரியத்துக்கு வருகிறேன்; அது செஸ் கணக்கிலிருந்து தொடங்குகிறது. செஸ் என்பது ஒரு குறித்த காரியத்துக்கென்றே வசூலிக்கப்படுவது. மற்ற வரிகளைப்போல் மாநிலங்களோடு அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. 2018-19-ல் செஸ் முதலிய 35 இனங்களில் வசூலான சுமார் 2,74,592 கோடி ரூபாயில், உரிய நிதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 1,64,322 கோடியே என்றும், ஜி.எஸ்.டி. நஷ்டத்துக்காக மாநிலங்களுக்கென்று வசூலித்த செஸ்ஸில் இரண்டு வருஷங்களில் 47,272 கோடி தங்கள் பொக்கிஷத்திலேயே தங்கிவிட்டதென்றும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதிவைத்தார். எதிர்க்கட்சிகள் வழக்கம்போல் கூக்குரலிட்டன. தாங்களோ சிறிதும் பதற்றமின்றி, கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கும்வரை பணம் தற்காலிகமாக அங்கே இருந்ததே தவிர வேறொன்றுமில்லை என்று விடை பகர்ந்தீர்கள்.

அந்த விடையின் அழகில் நான் மயங்கிப்போனேன். எனக்கு விதிக்கப்பட்டிருக்கும் சட்டமோ வேறு. கட்டவேண்டிய வரி தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி; மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதமாகவே எண்ணப்படும். கணக்குத் தாக்கல் செய்யும் கெடு தப்பினால் அதற்குத் தனிக் கட்டணம். ‘ஒப்பிட்டுச் சரிபார்க்கும்வரை பணம் என் பெட்டியில் தற்காலிகமாகத் தங்கியிருந்தது’ என்று சொன்னால் வட்டியைத் தள்ளுபடி செய்யும் விதியை நான் எந்த அட்டவணையிலும் காணேன்.

ஆகையால் சமூகத்தில் இரண்டு பிரார்த்தனை. கணக்குக் கேட்கும் அங்கத்தினர்கள் பேச வரும்போது கோரிக்கைகளை மூட்டை கட்டாமல் பேச விடுங்கள். குறையப்போவது 100 ரூபாய்கூட இல்லை. அது முடியாதென்றால், தாங்கள் சர்க்கார் பணத்துக்குச் சொன்ன அதே விடையை நான் என் பணத்துக்குச் சொல்லவும், அதை வட்டியின்றி அங்கீகரிக்கவும், வருகிற நிதி மசோதாவிலேயே ஒரு ஷரத்தைச் சேர்த்து உத்தரவாகும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விவாதமின்றியே நிறைவேற்றினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.