யோசேப்பம்மாள்

நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், முதலூர் என்று தூத்துக்குடிச் சீமையில் ஊசிக்கோபுரம் எழும்பி நிற்கிற எந்த ஊரிலும், அந்தக் கோபுர நிழல் விழுகிற தெருவில் ஒரு யோசேப்பம்மாள் இருப்பாள். அது ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள பெயரல்ல. எகிப்தின் உணவு மந்திரியாக யோசேப்பு பார்த்த உத்தியோகத்தை, சம்பளமும் ரதமும் முத்திரை மோதிரமும் இல்லாமல் அடுக்களையில் பார்க்கிற பெண்ணுக்கு நாம் கொடுக்கும் பட்டம். பஞ்சம் வரப்போகிறது என்று பார்வோனுக்குத் தெரிய ஏழு கொழுத்த பசுவும் ஏழு மெலிந்த பசுவும் கனவில் வரவேண்டியிருந்தது. இவளுக்கு அவ்வளவு கால்நடை தேவையில்லை. பலசரக்குக் கடைக்காரர் துவரம்பருப்பு விலையைச் சொல்லும்போது ஒரு கணம் தெருவைப் பார்த்தால் போதும். அன்று சாயங்காலமே சிட்டையில் இரண்டு கிலோ கூடிவிடும். அரிசிக்கு டிரம், புளிக்குப் பானை, கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி, கருவாட்டுக்கு மூடி இறுகின டப்பா என்று அவளுடைய சாமான் அறை ஒரு சிறு எகிப்து. இவளைப் பற்றிச் சபையில் இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. விசுவாசம் போதாதவள் என்பது ஒன்று, கருமி என்பது மற்றது. இரண்டும் தவறு என்பதும், விலைவாசி ஏற ஏற அவளுடைய கணக்குத்தான் சரியாகிக்கொண்டு வருகிறது என்பதும் என் கட்சி.

முதலில் எதிர்த்தரப்பு விசுவாசம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அது பெரும்பாலும் சாய்வு நாற்காலியில் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் ஆறாம் அதிகாரத்தில் கறுப்புக் குதிரையில் ஒருவன் தராசோடு வருகிறான்; கூடவே கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் விலை சொல்லப்படுகிறது. வேதத்தில் பலசரக்குக் கடை விலைப்பலகைக்கு மிக நெருங்கிய பகுதி அதுதான். 2019 டிசம்பரில் வெங்காயம் நூறு ரூபாயைத் தாண்டியபோது வீட்டுத் தலைவருக்கு அந்தக் குதிரையின் குளம்படி கேட்டது. 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தபோது குதிரை இன்னும் பக்கத்தில் வந்துவிட்டதாக அவர் அறிவித்தார். கடைசிக் காலம் நெருங்கியதை அறிவித்தவர், அன்று மத்தியானம் ரசத்தில் தக்காளி தட்டுப்படவில்லையே என்று கேட்கத் தவறவில்லை. யோசேப்பம்மாள் குதிரையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. புளியைக் கொஞ்சம் கூட்டிக் கரைத்தாள், இருந்த மாங்காயைக் கீறிப் போட்டாள். தக்காளி இந்த நாட்டுக்கு வந்து சில நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆபிரகாம் கூடார வாசலில் மூன்று பேருக்கு விருந்து வைத்தது தக்காளி இல்லாமல்தான். அதில் குறை இருந்ததாக வந்தவர்கள் சொன்னதாய் எழுதப்படவில்லை.

எண்ணெய் விஷயத்தில் அவள் இன்னும் உறுதியாக நிற்கிறாள், ஏனென்றால் அங்கே வேதமே நேரடியாக அவள் பக்கம். பத்துக் கன்னிகைகளின் உவமையைக் கவனித்துப் படித்தவர்களுக்கு ஒரு சங்கடம் தோன்றியிருக்கும். புத்தியுள்ளவர்கள் என்று பெயர் வாங்கிய ஐந்து பேரும் எண்ணெயைக் கூடுதலாக வாங்கி வைத்திருந்தவர்கள். அதைக் கடன் கேட்டபோது இல்லை என்றார்கள், நடுராத்திரியில் கடைக்கு வழியும் காட்டினார்கள். பிரசங்கத்தில் அந்த எண்ணெய் ஆவிக்குரியது என்று விளக்கப்படும். யோசேப்பம்மாள் தலையாட்டுவாள். ஆனால் 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த செய்தியைக் கேட்டதும் அவளுக்கு ஆவிக்குரிய எண்ணெயோடு சூரியகாந்தி எண்ணெயும் நினைவுக்கு வந்தது. உலகிலேயே அதிகமாக அதை ஏற்றுமதி செய்த நாடு உக்ரைன். நாம் சமைக்கிற எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. போதாததற்கு ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி ஏறத்தாழ ஒரு மாதம் கதவைச் சாத்தியது. இந்த இடத்தில் திருச்சபை நாட்காட்டி அவளுக்குக் கைகொடுத்ததைச் சொல்லியாக வேண்டும். போர் தொடங்கி ஒரு வாரத்துக்குள், மார்ச் 2, சாம்பல் புதன். லெந்து நாட்களில் வறுவல் வேண்டாம், பலகாரம் வேண்டாம், கறி வேண்டாம் என்றால் அது பரிசுத்தம். யாரும் சிக்கனம் என்று சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கிக்கு இப்படி ஒரு வசதி கிடையாது. உயிர்த்தெழுந்த ஞாயிறோடு உபவாசம் முடிந்து மீனுக்கு நாக்கு ஏங்குகிற நேரத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்து அதை நீட்டித்துக் கொடுப்பதும் வருஷா வருஷம் நடப்பதுதான். அந்த அறுபத்தோரு நாளுக்காகவே அந்தக் கருவாட்டு டப்பா.

நாளையைக் குறித்துக் கவலைப்படாதே என்பதல்லவா மலைப்பிரசங்கம், மன்னாவை மிச்சம் வைத்தவர்களுக்குப் புழு அல்லவா கிடைத்தது என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான், ஆனால் கேட்பவர் யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தைப் பாதியில் மூடிவிட்டவர். அதே அதிகாரத்தில், ஆறாம் நாளில் இரட்டைப் பங்கு சேர்க்கச் சொல்லியிருக்கிறது. அது நாறவுமில்லை, புழுக்கவுமில்லை. தள்ளப்பட்டது பேராசைச் சேமிப்பு. கடை மூடியிருக்கும் நாளுக்கான சேமிப்பு கட்டளையாகவே வந்திருக்கிறது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பெருகியபின்னும் துணிக்கைகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்னதையும் யோவான் எழுதி வைத்திருக்கிறார். அற்புதம் செய்யத் தெரிந்தவரே மிச்சத்தை எடுத்து வைக்கச் சொன்னார் என்றால், அற்புதம் செய்யத் தெரியாத ஒரு பெண் எடுத்து வைக்காமல் எப்படி? புழுவைப் பொறுத்தவரை யோசேப்பம்மாளுக்குச் சொந்தமாக ஒரு வியாக்கியானம் உண்டு. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் கிடைக்கவில்லை. அவளுடைய அரிசி டிரம்மில் இரண்டும் கிடக்கின்றன. கவலைப்படாதே என்ற கட்டளைக்கு வீட்டில் முழுமையாகக் கீழ்ப்படிகிறவர் சாய்வு நாற்காலிக்காரர். அவர் அப்படிக் கீழ்ப்படிவதற்கான மளிகைச் செலவை இவள் பார்த்துக்கொள்கிறாள்.

கருமி என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். கருமியின் அறைக்கு ஒரு வாசல். சரக்கு உள்ளே மட்டும் போகும். யோசேப்பம்மாளின் சாமான் அறை ஓட்டைப் பானை. தினமும் உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசி தனிப் பாத்திரத்துக்குப் போகிறது; மாதம் ஒருமுறை பெண்கள் ஐக்கியம் அதை வாங்கிக்கொண்டு போகிறது. பிடியரிசி கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து என்று நான் சொல்ல வரவில்லை. காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டம் நடத்தியவர்தான். ஆனால் ஒரு பிடி என்று இளக்காரமாக நினைக்கிறவர்கள் மிசோரமைப் பார்க்க வேண்டும். அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இப்படி எடுத்து வைக்கிற அரிசி, இன்று ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகிச் சபையைத் தாங்குகிறது. பிடியரிசி போக, அசனம். கோயில் வளாகத்தில் ஊரையே உட்காரவைத்துச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் பரிமாறுகிற அந்த விருந்துக்கு ஆட்டின் விலை ஏறிவிட்டது என்பதற்காக எந்தச் சபையும் பந்தியைக் குறைத்ததாகத் தெரியவில்லை; வரி கூடும், அவ்வளவுதான். அப்புறம் கிறிஸ்துமஸ். முதலூர் மஸ்கோத் அல்வா தேங்காய்ப்பாலில் கிண்டுவது. 2025-இல் தேங்காயும் தேங்காய் எண்ணெயும் ஏறிய ஏற்றத்தில் சொதியே தண்ணீராகத் தொடங்கிய வீடுகளில்கூட, பக்கத்து வீடுகளுக்குப் போகிற பலகாரத் தட்டு சிறுக்கவில்லை. தன் வீட்டுச் சொதியில் பிடித்ததை அடுத்த வீட்டுத் தட்டில் வைப்பது கருமித்தனம் என்றால், அந்தச் சொல்லுக்கு அகராதியில் வேறு பொருள் எழுத வேண்டியிருக்கும். விலை ஏறும்போது அவள் முகம் சுருங்குவது உண்மைதான். பானை காலியாகுமே என்ற பயத்தில் அல்ல. தட்டு சிறுத்தால் தெருவில் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தில். இதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கலப்படமில்லாத தர்மம், கலப்படமில்லாத நல்லெண்ணெயைவிட அரிது.

படித்தவர்கள் எழுப்புகிற ஆட்சேபம் வேறு, அது கனமானதும்கூட. எல்லாரும் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கினால் அதனாலேயே தட்டுப்பாடு வராதா? வரும். 2020 மார்ச் ஊரடங்கு அறிவிப்பன்று கடைகளில் நடந்தது அதுதான். ஆனால் அன்று முண்டியடித்தவர்களில் யோசேப்பம்மாள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விலை மலிந்திருந்த மாசத்திலேயே வாங்கிவிட்டவளுக்கு முண்டியடிக்க அவசியமில்லை. விளைச்சல் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பவர் விலையை ஏற்றுவதில்லை. பீதி வந்தபின் ஓடுகிறவர்தான் ஏற்றுகிறார். மூல யோசேப்பும் செழிப்பான ஏழு வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் எடுத்து வைத்தார். அவரை மாதிரியாகக் கொள்வதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பிரசங்கங்கள் தொடுவதில்லை. ஆதியாகமம் நாற்பத்தேழில், பசித்து வந்த எகிப்தியரிடம் முதலில் பணத்தையும் பிறகு மாடுகளையும் கடைசியில் நிலத்தையும் வாங்கிக்கொண்டுதான் யோசேப்பு தானியம் கொடுத்தார். பஞ்சம் முடிந்தபோது ஆசாரியரின் நிலம் தவிர நாடு முழுவதும் பார்வோனுடையதாகிவிட்டது. களஞ்சியம் இப்படியும் பயன்படும். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை, திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தபோது, அரிசிக்காக வந்தவர்கள் என்ற ஏச்சு எழுந்ததும் இந்தச் சந்தேகத்தால்தான்: சோறு கொடுத்தவன் எதை எழுதி வாங்கினான்? யோசேப்பம்மாள் அந்த ஏச்சைக் கேட்ட பாட்டிகளின் பேத்தி. ஒரு பிடி அரிசிக்குப் பதில் யாரிடமும் ஒன்றும் கேட்கக் கூடாது என்பதில் அவள் காட்டுகிற பிடிவாதத்துக்கு அந்தப் பழைய சூடு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். எழுதி வாங்காத களஞ்சியம் எப்படியிருக்கும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைப் பார்க்கலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை. சாலையும் தண்டவாளமும் போய், திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து அம்மன் கோயிலில் வைத்துப் பொங்கிப் போட்டார்கள். அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குச் சமைக்கிற வீடுகளாக இருந்திருந்தால் பொங்க என்ன இருந்திருக்கும்? யோசேப்பம்மாள் எல்லா மதத்திலும் உண்டு; நம் தெருவில் அவளுக்கு வேத ஆதாரம் கூடுதலாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

கடைசி ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. முருங்கைக்காய் விற்கிற பெண்ணிடம் ஐந்து ரூபாய்க்கு அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிற இவள், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என்ன ஆகிறாள்? அங்கே விளைச்சலின் முதற்பலன்கள் கோயில் வாசலில் குவிந்திருக்கும். ஒரு பூசணி, ஒரு சீப்பு வாழை, அடைகாக்க வைத்திருந்த கோழியின் முட்டை, யாரோ ஒரு கட்டு முருங்கைக்காய். ஏலம் கூறுகிறவர் நூறு என்பார். யோசேப்பம்மாள் கை உயரும். இருநூறு, முந்நூறு. சந்தையில் விலை ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறவள், இங்கே தானே விலையை ஏற்றிவிடுகிறாள். எதிரே போதகரின் மனைவி ஐயரம்மா ஏலம் கேட்டால் இன்னும் ஐம்பது கூடும். பொருளாதாரம் படித்தவர்கள் இதைப் பைத்தியம் என்பார்கள். அப்படியில்லை, சந்தையில் அவள் வாங்குவது முருங்கைக்காய், இங்கே முருங்கைக்காய் ஒரு சாக்கு. ஆனாலும், அந்தக் கட்டைக் காணிக்கையாகப் படைத்தவள் அதே சபையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அந்த வியாபாரிப் பெண்தான் என்றால், தான் கொடுத்த காய் முந்நூற்றைம்பதுக்குப் போவதை அவள் என்ன நினைத்துக்கொண்டு பார்ப்பாள் என்பது எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை காலை அவள் கூடையோடு வாசலுக்கு வருவாள். யோசேப்பம்மாள் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்து, "ஏட்டி, இது முத்தல்லா இருக்கு" என்பாள். ஐந்து ரூபாய் குறையும். கறிவேப்பிலை கொசுறு.