வலம்புரிப் பிழிவும் இடம்புரிப் பிழிவும்: முழங்கை உள்வலி குறித்த ஓர் அறிமுக ஆய்வு

கையைத் தொங்கவிட்டால் முழங்கையில் உடம்பை ஒட்டிய பக்கம் ஓர் எலும்புப் புடைப்பு தட்டுப்படும். அங்கே வரும் வலிக்கு மருத்துவ உலகம் கோல்ஃபர் முழங்கை என்று பெயர் சூட்டியிருக்கிறது. அவ்வலியின் தோற்றம், வளர்ச்சி, தணிப்பு ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் இதற்குமுன் ஆய்வு எதுவும் நிகழவில்லை என்று எழுதுவது மரபு, எழுதியாயிற்று. ஆய்வு எல்லை: சென்னையில் ஓர் அடுக்ககம், குறிப்பாக அதன் மொட்டைமாடி. அங்கே குடியிருப்போரில் கோல்ஃப் மட்டையைத் தொட்டவர் எவரும் இலர். வலி மட்டும் உண்டு.

வரலாறு. உள்வலிக்கு அண்ணன் முறை வெளிவலி, அதாவது டென்னிஸ் முழங்கை. அதன் காலவரிசை ஆராய்ச்சியாளரை மயங்கவைப்பது. ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் அவ்வலியை 1873இல் எழுதிவைத்தார். லான் டென்னிஸுக்கு மேஜர் விங்ஃபீல்டு காப்புரிமை வாங்கியதோ 1874இல். 'லான் டென்னிஸ் கை' என்று ஹென்றி மாரிஸ் 'லான்செட்' இதழில் குறித்தது 1882இல். நோய் முந்தி, ஆட்டம் பிந்தி. ஒரு நூலை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்தி வைத்துப் பழகிய நம் அறிஞர் பெருமக்களுக்கு இந்த ஓராண்டு ஒரு பொருட்டல்ல என்பதால் மேலே செல்வோம். ஆனால் ரூங்கே எடுத்துக்கொண்ட பொருள் எழுதுவோருக்கு வரும் கைப்பிடிப்பு என்பதை விட்டுவிடக் கூடாது. எழுதுவோருக்கே வந்த நோய்! இன்றைய பேராசிரியர்களிடம் இந்நோய் அரிதாகக் காணப்படுவதன் காரணம் தனி ஆய்வுக்குரியது.

நோய் இயல். மணிக்கட்டை உள்நோக்கி மடக்கும் தசைகளும் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் தசையும் அந்த ஒரே புடைப்பிலிருந்துதான் புறப்படுகின்றன. இறுக்கிப் பிடித்து மடக்கும் வேலையை ஓயாமல் செய்தால் அங்குள்ள தசைநாண் நுண்ணிய அளவில் கிழிந்து, ஆறுவதற்குள் மறுபடி கிழிகிறது. மருத்துவ நூல்கள் இதற்கு இட்ட பெயரில் அழற்சி இருந்தாலும், நாள்பட்ட நாணை நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சியைவிடச் சிதைவே மிகுதி. பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, பழக்கப்பட்ட கையில் வரும். சோதனை எளிது: உள்ளங்கை மேலே பார்க்கக் கையை மேசைமேல் நீட்டி, ஒருவர் அமுக்க நீங்கள் மணிக்கட்டை மடக்குங்கள். புடைப்பில் சுரீரென்றால் அதுவேதான். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் இக்கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போகவும். அப்புடைப்புக்குப் பின்னால் ஒரு நரம்பு ஓடுகிறது.

நோயாளர் வகை.
கோல்ஃப் ஆடுவோர்: உளர்.
திருப்புளி முறுக்குவோர், பளு தூக்குவோர், பந்து எறிவோர்: இவர்களும் உளர்.
பரோட்டா மாஸ்டர்: தனி நூலே வேண்டும்.
பிழிவோர்: இனி இவர்களே கட்டுரை.

பிழிதலாவது, இரட்டைக் கட்டில் போர்வையை வாளியிலிருந்து தூக்கி, நீர் ஒழுக ஒழுக நான்காக மடித்து, இரு கையாலும் பற்றி எதிரெதிராக முறுக்குதல். இதில் இரு பள்ளிகள் உள. வலக்கையை உள்நோக்கி மடக்கி முறுக்குவது வலம்புரிப் பள்ளி. வெளிநோக்கி நிமிர்த்தி முறுக்குவது இடம்புரிப் பள்ளி. வலம்புரியே தொன்மையானது (எதிர்வீட்டு மாமி, வாய்மொழி). அன்று, இடம்புரியே தொன்மையானது. வலம்புரி சலவை இயந்திரம் வந்தபின் நுழைந்த இடைச்செருகல் (மேற்படி மாமி, மறுநாள், மாடிப்படி இறக்கத்தில்). இரண்டுமே பிழை, போர்வையைப் பிழிவதே குடும்பத்துக்கு ஆகாது (மாமியின் மாமியார் கூறியதாக மாமி கூறியது, பாடபேதம்: மாமியே இட்டுக்கட்டியது, ஒப்புநோக்குக: மாமியின் நாத்தனார், தொலைபேசி வழி, குக்கர் விசில் இடையிட்டதால் ஈற்றடி சிதைந்தது).

இவ்வுரை வேற்றுமைகளை ஒதுக்கிவிட்டு ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். முறுக்கும்போது ஒரு மணிக்கட்டு உள்ளே மடங்க, மற்றது வெளியே நிமிர்கிறது. மடங்கும் கைக்கு உள்வலி, நிமிரும் கைக்கு வெளிவலி. ஆகவே ஒரே போர்வையில் ஒருவர் கோல்ஃபும் டென்னிஸும் சேர்த்தே ஆடிவிடுகிறார், கிளப் சந்தா இல்லாமல்.

இருவர் பிழிவு என்றொரு வகையும் உண்டு. ஒருவர் முறுக்குவார், மற்றவர் மறுமுனையைச் சும்மா பிடித்திருப்பார், பெரும்பாலும் கணவர். போர்வை காய்ந்ததும் 'நாங்க ரெண்டு பேரும் பிழிஞ்சோம்' என்பவர் பிடித்திருந்தவரே. இம்முறை பல்கலைக்கழகங்களிலும் வழக்கில் உள்ளது. அங்கே முறுக்குபவர் ஆய்வு மாணவர், பிடித்திருப்பவர் நெறியாளர். கட்டுரையில் எவர் பெயர் முதலில் வரும் என்பது யாவரும் அறிந்தது.

சிகிச்சை. வலிக்கும் வேலையைக் குறைக்கவேண்டும். கையை அடியோடு முடக்கவும் கூடாது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றிச் சிறிது நேரம் ஒற்றலாம். முழங்கைக்குச் சற்றுக் கீழே பட்டை கட்டலாம். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போட்டவரும் போடாதவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பார்கள். பெரும்பாலோர்க்குக் கத்தி தேவைப்படுவதில்லை. மாதக்கணக்கில் எதற்கும் மசியாத வலிக்கே அது. நிலைத்த பலனுக்கு மருத்துவர் நம்புவது உடற்பயிற்சியை. அதில் ஒன்று ஆய்வாளரைத் திடுக்கிடச் செய்தது. ஒரு ரப்பர் தடியை இரு கையாலும் பற்றி, நலமான கையால் முறுக்கி, நோவுள்ள கையால் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும். 15 முறை வீதம் மூன்று சுற்று. தடி இல்லாதவர் துண்டை முறுக்கலாம் என்றும் சொல்லித் தருகிறார்கள். அதாவது, பிழிந்து வந்ததற்குப் பிழிவதே மருந்து. இச்செய்தியை எதிர்வீட்டில் தெரிவித்தபோது, 'இதுக்குக் காசு வேற குடுத்தியா?' என்ற கருத்துரை பெறப்பட்டது.

தடுப்பு. வாளியை மணிக்கட்டு மடங்கத் தூக்கக் கூடாது; பாரத்தை உடம்பை ஒட்டி எடுக்கவேண்டும். கருவிகளின் பிடி கைக்குத் தக்க பருமனில் இருக்கட்டும். எல்லாவற்றிலும் சிறந்தது, போர்வையைப் பிழியாமலே கொடியில் போட்டுவிடுதல். இம்முடிவு மொட்டைமாடியில் நடைமுறைப்படுத்தப்பட்டது. கொடிக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பில் காய்ந்துகொண்டிருந்த கூழ்வடகம் இரண்டாம் மாடிக்காரருடையது என்பது பிற்பாடே தெரியவந்தது. அவரது மறுப்புரை சற்று நீளமானது, மேற்கோள் காட்டத் தக்கதும் அன்று. பொருள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டுள்ளது. ஆய்வாளர் விளக்கம் தரவேண்டுமாம், போர்வையோடு.