மசைக்குள்ள ஒளிஞ்ச சிவப்பு

வா கண்ணு, வா. கயித்துக் கட்டல்ல உக்காராதே, அது என்னையவே தாங்க மாட்டேன்னு ரெண்டு நாளா மொனகுது. திண்ணைக்கு வா. கையில என்ன டப்பா? பெயிண்டா? அடேங்கப்பா, அஞ்சு லிட்டரு! மூடியத் தொறந்து காட்டு. ம்... நல்லாத்தான் இருக்குது. மாரியாத்தா கோயல் தேருக்கு அடிச்சா ஜோராயிருக்கும். நம்ம மாசி டிராக்டருக்கு அடிக்கறதுன்னா மட்டும் சித்தெ ரோசனை பண்ணோணும்.

பெங்களூர்ல லீவு போட்டுட்டு வந்து, பதினெட்டு வருசமா தொண்டுப்பட்டி மூலையில கோழி அடைகாத்த வண்டிய உசுப்பி உடறே பாரு, அது பெரிய மனசு. கோழிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். "அப்பாரு, ஒரிஜினல் கலரையே கொண்டாந்தர்றேன்"னு நீ சொன்னப்ப எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துச்சு. ஆனா ஒரிஜினல் எதுன்னு நீ ஆரக் கேட்டே? பெயிண்டுக் கடைக்காரனக் கேட்டே. அவன் அலமாரியில எது விக்காமக் கெடக்குதோ அதுதான் அவனுக்கு ஒரிஜினல்.

அப்பறம் ஆரக் கேட்டே? உங்கொப்பன. அவன் செம்பருத்திச் சிவப்புன்னான். உங்கப்பத்தா மொளகாப்பழம்னா. கீழ்த்தோட்டத்துக்காரன் செங்கல்லுன்னான். மூணு பேருமே பொய் சொல்லல. அவங்கவங்க நல்லாப் பாத்தப்ப வண்டிக்கு அந்தந்த வயசு. வந்த புதுசுல ஒண்ணு, வெயில்ல காஞ்சு வெளுத்தப்பறம் ஒண்ணு. ஆனா மனசுல இருக்கிற பெயிண்டு வெளுக்கறதில்ல கண்ணு, வருசத்துக்கு ஒரு கோட்டு தானா ஏறிக்குது. என்ற கல்யாணத்து வேட்டி எப்படி இருந்துச்சுன்னு உங்கப்பத்தாளக் கேளு. மல்லீப்பூ வெளுப்புங்கறா. அன்னிக்கு அதுல பாதி சாம்பாரு.

பழைய போட்டோவக் காட்டறயா? அது உங்கப்பத்தாளுக்கு மேல புளுகும். அந்தக் காலத்துக் கலர் போட்டோ வயசாக வயசாக எல்லாத்தையும் செவக்க வெச்சுரும். அதுல பாரு, நம்ம வெள்ளைக் காளையே செவலையாத் தெரியுது.

அதனால வண்டியத்தான் கேக்கோணும். மொதல்ல ஆர்.சி. புக்க எடுத்து, எந்த வருசத்து வண்டின்னு பாரு. வருசம் தெரியாம பெயிண்டு அடிக்கறவன், ஜாதகம் மாத்திக் குடுத்துப் பொருத்தம் பாத்த மாதிரி. அமெரிக்காவுல ஃபார்மால் வண்டி 1936 வரைக்கும் சாம்பலு, அப்பறம் சிவப்பு. இங்கிலாந்துல ஃபோர்ட்சன் வண்டி ஆரஞ்சா இருந்தது, 1940ல பச்சையாயிருச்சு. சண்டை நேரத்துல மேல பறக்கிற ஏரோப்ளேன் கண்ணுல படக்கூடாதுன்னு மாத்துனதாச் சொல்லுவாங்க. எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறயா? ராத்திரித் தூக்கம் வராத கெழவனுக்கு யூடியூப்புதான் ஒறம்பரை.

நம்ம வண்டி நெறமும் ஒரு கல்யாணக் கதைதான். ஹாரி பெர்குசன்னு ஒரு அயர்லாந்துக்காரன். ஆடம்பரம் ஆவாது அவனுக்கு, வண்டின்னா சாம்பல்தான். கோவென்ட்ரியில 1946ல ஆரம்பிச்சு 1956 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல டி.இ.20 வண்டி எறக்குனாங்க. கனடாவுல மாசி-ஹாரிஸ்னு இன்னொரு வீடு. அவங்க சிவப்பு. 1953ல ரெண்டு வீடும் சம்பந்தம் பண்ணிக்கிச்சு. கல்யாணம் ஆன கையோட ஆராச்சும் ஒத்துப் போறாங்களா? 1956ல வந்த 35 வண்டிக்குத் தகடெல்லாம் சாம்பலு, இன்ஜினு தங்க நெறம். அடுத்த வருசக் கடைசியிலதான் மேல சிவப்பு, அடியில சாம்பலுன்னு ராசியாச்சு. நம்ம மெட்ராஸ்ல 1960ல டாஃபே கம்பெனி ஆரம்பிச்சு மாசி வண்டி பண்ண வந்தப்ப, நம்மூருக்கும் அந்தக் குடும்பந்தான் குடி வந்துச்சு. நீ பாட்டுக்கு அஞ்சு லிட்டரையும் இன்ஜின்ல இருந்து கியர் பாக்ஸு வரைக்கும் ஊத்திப் பூசுனா, பெர்குசன் வீட்டுச் சனத்தைப் பந்தியில இருந்து எழுப்பி உட்ட மாதிரி.

சரி, வண்டிகிட்ட எங்க கேக்கறதுன்னு சொல்றேன். பானெட்டு மேல பாக்காதே. வெயிலு அங்கிருந்த நெசத்தையெல்லாம் எப்பவோ தின்னுருச்சு. டீசல் டேங்கைக் கழட்டி அது உக்காந்திருந்த எடத்தப் பாரு. மீட்டர் பலகைக்குப் பின்னால பாரு. பேர்த் தகட்டுக்கு அடியில, போல்டு வாசருக்கு அடியில பாரு. அதுக்கெல்லாம் மேல, மசை கட்டி தட்டிக் கெடக்குற எடம் இருக்குதில்லோ, அதுதான் புதையலு. காத்தும் வெயிலும் மழையும் புகாம அந்த அழுக்குத்தான் பெயிண்டைப் பொத்தி வெச்சிருக்குது. "வண்டியக் கழுவுடா, கழுவுடா"ன்னு உங்கொப்பனை நான் திட்டாத நாளில்ல. அவன் சோம்பேறித்தனந்தான் இன்னிக்கு உனக்குச் சொத்து. அவங்கிட்ட சொல்லிப்போடாதே, நெசம்னு நம்பிருவான்.

எங்க வேணா தேடு. எடதுபக்க மட்கார்ட மட்டும் உட்டுரு. அங்க ஒண்ணுமில்ல. ஏன்னு கேக்காதே. பெரியவங்க சொன்னாக் கேட்டுக்கோணும்.

மசையக் கம்பி பிரஷ்ஷு போட்டுச் சொரண்டிராதே, மணலடிக்கறவன்கிட்டயும் உட்டுராதே. அவன் அழுக்கோட சேத்துச் சாட்சியையும் துடைச்சுப் போடுவான். சீமெண்ணெயில துணிய நனைச்சு மெதுவாத் துடை. பெயிண்டு தெரிஞ்சதும் வாட்டர் பேப்பர எடு. 400ல ஆரம்பிச்சு 1000 வரைக்கும் போ. ஒரு ரூபா காசு அகலத்துக்கு, நடுவுல ஆழமா, ஓரத்துல மேலாக்க, குழியாட்டம் தண்ணி தொட்டுத் தேய். மரத்த அறுத்தா வளையம் தெரியறாப்பல ஒவ்வொரு கோட்டும் வரிசையா வரும். நடுவுல இரும்பு, அதச் சுத்தி பிரைமர், அதுக்கடுத்த வளையம் கம்பெனி அடிச்சது. அதுக்கு வெளிய இருக்கறதெல்லாம் நம்ம குடும்பத்துக் கைங்கரியம்.

வாய்க்குத் துணி கட்டிக்க. வறண்ட பேப்பர்ல தேய்ச்சுத் தூசி கெளப்பாதே, நெருப்பு வெச்சும் உரிக்காதே. பழைய பெயிண்டுல ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டுலயே பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல ஈயம் கூடாதுங்கற சட்டம் 2017லதான் நடப்புக்கு வந்துச்சு. டிராக்டர் பெயிண்டுல அப்ப ஆரு பாத்தா? கொழந்தைங்களையும் கோழியையும் அக்கட்டால தாட்டி உட்டுட்டு வேலையப் பாரு.

கெடச்ச சிவப்ப அப்படியே நம்பிராதே. மேல பால் ஏடாட்டம் வெளுத்திருக்கும். ரப்பிங் காம்பவுண்டு தொட்டுத் துடை, உள்ள இருக்கற மொகம் வரும். அந்த எடத்த பெயிண்டு மிஷினுக்காரன்கிட்டக் காட்டு, கம்ப்யூட்டரு அளந்து சொல்லும். "சிவப்பு குடு"ன்னு மட்டும் கேட்டுராதே. பெயிண்டு கலருக்குன்னு ஐ.எஸ். 5னு சர்க்கார் அட்டையே இருக்குது. அதுல 537ன்னா சிக்னல் சிவப்பு, 538ன்னா தபாலாபீஸ் சிவப்பு. ஒரு நம்பரு தள்ளிப்போச்சுன்னா, வண்டியில ஆராச்சும் கடுதாசி போட்டுட்டுப் போயிருவாங்க.

கலந்து குடுத்தத உடனே வண்டியில ஏத்தாதே. ஒரு தகரத்துல பிரைமரு அடிச்சு, மேல பெயிண்டு அடிச்சுக் காய உடு. ஈரத்துல ஒரு நெறம், காஞ்சா ஒரு நெறம். மோட்டார் ரூமுக்குள்ள டியூப் லைட்டுல வெச்சுப் பாத்துச் சரின்னுராதே, வெளிச்சத்துக்குக் கொண்டாந்து பாரு. காருக்கு அடிக்கற பளபளப்பும் வேண்டாம். உழவுக்குப் போற வண்டி மொகத்துல சீவிச் சிங்காரிச்சிட்டு நின்னா, மாடே சிரிக்கும்.

என்னது? நேத்தே தேய்ச்சுட்டியா? எங்க? எடதுபக்க மட்கார்டா! நான்தான் வேண்டாம்னு... ஓ, அது இன்னிக்குத்தான் சொன்னேனாக்கும். சரி, என்ன வந்துச்சு? சிவப்பு... அதுக்கு மேல கனமா பட்டி... அதுக்கு மேல நீலம்... மறுபடியும் சிவப்பு. ம்.

மெதுவாப் பேசு. உங்கப்பத்தா அடுப்படியிலதான் இருக்கறா. நாப்பது வருசத்துக்கு மின்னாடி, பக்கத்தூருக்கு ராத்திரிக் கூத்துப் பாக்கப் போறதுக்கு டிராக்டர எடுத்துட்டுப் போனேன். திரும்பி வாரப்ப ரோட்டுல நின்ன புளியமரம் நவுரவே மாட்டேன்னுருச்சு. விடியறதுக்குள்ள தட்டி நிமுத்திப் பட்டி பாத்துட்டேன். அடிக்கறதுக்குச் சிவப்பில்ல. மோட்டார் ரூம் கதவுக்கு வாங்குன நீலந்தான் இருந்துச்சு. எங்கொப்பன் கேட்டாரு. சனி பகவானுக்கு வேண்டுதல், ஒரு மாசத்துக்கு நீலம்னேன். அவரும் வண்டியக் கும்பிட்டுட்டுப் போயிட்டாரு.

பெயிண்டு சும்மா இருக்காது கண்ணு. கேக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் வந்தாப் போதும், கோட்டுக் கோட்டா எல்லாத்தையும் ஒப்பிச்சுரும்.

அந்த அஞ்சு லிட்டரைத் திருப்பிக் குடுத்துராதே. நீலம் பத்தாம மோட்டார் ரூம் கதவு நாப்பது வருசமா பாதி வெறும் பலகையா நிக்குது. ஏன் பாதின்னு உங்கப்பத்தா கேக்கறதுக்குள்ள, பொழுது விழுகறதுக்கு மின்னாடி முழுசா அடிச்சு உட்டுரு, சாமி.