ஹார்லிக்ஸ் பாட்டிலில் மல்லித்தூள்

எங்கள் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஹார்லிக்ஸ் இருந்து நான் பார்த்ததில்லை. மல்லித்தூள் இருக்கும். போர்ன்விட்டா டப்பாவில் பொட்டுக்கடலை. தீபாவளிக்கு யாரோ கொடுத்த சோன்பப்டி டப்பாவில் வடகம். பிரீசரில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவை ஆசையாகத் திறந்து, உள்ளே துருவின தேங்காயைப் பார்த்து அழுத விருந்தாளிக் குழந்தைகள் உண்டு. எது எதில் இருக்கிறது என்ற பட்டியல் என் மாமியார் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அவர் ஊருக்குப் போனால் நாங்கள் ஓட்டலுக்குப் போவோம்.

எல்லா டப்பாவிலும் லேபிள் ஒட்டிப் பார்த்தேன். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாத மளிகை வந்தபோது எது எதில் கொள்ளுமோ அதில் கொட்டி மூடினார். இப்போது என் கையெழுத்தும் சேர்ந்து பொய் சொல்கிறது.

மற்றதெல்லாம் மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும். வெள்ளைப் பொடிகள்தான் வில்லங்கம். மேல் தட்டில் ஒரே ஜாடையில் மூன்று குப்பிகள்: ஆப்பசோடா, பேக்கிங் பவுடர், கார்ன்ஃப்ளார். அத்தை நாக்கு நுனியில் தொட்டுச் சொல்லிவிடுவார். பெயர் தெரியாத பொடியை நாக்கில் வைப்பதை நான் எதிர்க்கிறேன். ஒரு சிட்டிகையில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் போதும். தண்ணீருக்கே நுரைத்தால் அது பேக்கிங் பவுடர். சோடாவையும் புளிப்புப் பொருளையும் ஒரே வீட்டில் குடிவைத்தது அது; ஈரம் பட்டதும் சண்டை ஆரம்பித்துவிடும். ஆப்பசோடாவுக்கு எதிராளி வெளியிலிருந்து வர வேண்டும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால்தான் சீறும். எதற்கும் அசையாமல், விரலிடுக்கில் தேய்த்தால் கிறீச்சிடுவது கார்ன்ஃப்ளார். பேக்கிங் பவுடர் என்று நிச்சயமாகத் தெரிந்த குப்பியே நுரைக்கவில்லையென்றால், மூடி சரியாக மூடாமல் சண்டை ஏற்கெனவே குப்பிக்குள்ளேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம். கேக் செங்கல்லாகும்.

பரணில் ஒரு மஞ்சள் டால்டா டின் இருக்கிறது. பனையா தென்னையா என்று சொல்ல முடியாத ஒரு மரம் போட்டது. உள்ளே அப்பளம். 1937இல் சந்தைக்கு வந்த அந்த டால்டா வனஸ்பதிக்குப் பின்னால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சட்டம் உண்டு: வனஸ்பதி தயாரிப்பவர்கள் அதில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும். ருசிக்காக இல்லை, உளவுக்காக. நெய்யில் யாராவது வனஸ்பதியைக் கலந்தால் கூடவே நல்லெண்ணெயும் ரகசியமாக உள்ளே போய்விடும். சோதனைச் சாலையில் அந்த நெய்யோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் செக்கச்சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். மேலே நெய் என்று எழுதி உள்ளே வேறு வைப்போம் என்பது அரசாங்கத்துக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கிறது. நான் இவ்வளவையும் விளக்கி முடித்ததும் அத்தை கேட்டார்: “நெய்யை வாங்கிட்டு எதுக்கும்மா சோதிக்கணும்? வெண்ணெய் வாங்கி உருக்கு.”

வீட்டில் பெயரும் பொருளும் ஒத்துப்போகும் ஒரே டப்பா பெருங்காய டப்பா. நேர்மையால் அல்ல, அந்த வாசனை வேறு எதையும் அங்கே குடியேற விடாது. ஆனால் அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால், கூட்டுப் பெருங்காயம் என்றிருக்கும். கருவேலம் பிசின், மைதாவோ அரிசி மாவோ, அவற்றோடு கொஞ்சம் பெருங்காயம். இதை மோசடி என்று சொல்ல முடியாது. சுத்தமான பெருங்காயப் பிசினின் காரத்தை நம் சாம்பார் தாங்காது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் அந்தப் பொடி எழுத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். அந்தப் பெருங்காயப் பிசினும் நம் ஊருடையதல்ல. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வருவது. 2020 அக்டோபரில்தான் இமாசலத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில், பாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென முதல் செடியை நட்டார்கள். பால் கசிய ஏறக்குறைய ஐந்து வருஷம் பிடிக்கும் செடி. அதுவரை ரசம் காத்திருக்குமா?

என் கணவர் சர்க்கரை குறையும் என்று வாட்ஸ்அப்பை நம்பி தினமும் காலையில் பட்டைத் தூளை வெந்நீரில் கலக்கிக் குடித்துவந்தார். நம் மளிகைக் கடைப் பட்டையில் பெரும்பாலும் இருப்பது கேசியா: தடியாக, முரடாக, ஒற்றைச் சுருளாக இருக்கும். இலங்கைப் பட்டை மெல்லிய ஏடுகளாகப் பல அடுக்கு சுருண்டது, கையாலேயே நொறுங்கும். கேசியாவில் கூமரின் அதிகம். பிரியாணிக்கு ஒரு துண்டு போட்டால் ஒன்றுமில்லை, தினமும் ஸ்பூன் கணக்கில் விழுங்கினால் கல்லீரல் கேள்வி கேட்கும். அதைச் சொன்னதும் கைவிட்டார். இப்போது வெந்தயம்.

எனக்கும் அத்தைக்கும் உண்மையான அபிப்பிராய பேதம் சோற்றில்தான். மத்தியானம் வடித்த சோறு ராத்திரி வரை மேடையிலேயே இருக்கும். “ஒரு சூடு காட்டினா சரியாப்போயிடும்” என்பது அவர் சித்தாந்தம். சோறு வெந்தாலும் சாகாத பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கின்றன. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அதில் ஒரு வகை நஞ்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் கலங்காது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜ். அதுவும் குண்டான் நிறைய வைத்தால் நடுச்சோறு வெகு நேரம் சூடாகவே இருக்கும் என்பதால் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு. பிரிட்ஜும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும்.

“அப்போ பழையது? உங்க மாமனார் அதைச் சாப்பிட்டுத்தானே கடைசி வரைக்கும் சைக்கிள் மிதிச்சார்?”

அது வேறு கணக்கு. தண்ணீர் ஊற்றின சோற்றில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிக்கவைக்கின்றன. புளிப்பு ஏற ஏற மற்றக் கிருமிகளுக்கு இடம் குறைகிறது. இதைச் சொன்னதுதான் தாமதம், “அதைத்தான் நானும் சொல்றேன், தண்ணி ஊத்தி வை” என்று தீர்ப்பெழுதிவிட்டார்.

உருளைக்கிழங்கில் அவர் கட்சிதான் சரி. பிரிட்ஜில் வைத்தால் தித்தித்துப்போகும் என்பார். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவது உண்மை, வறுத்தால் சீக்கிரம் கறுப்பதும் அதனால்தான். ஆனால் வெயில் படும் ஜன்னலோரக் கூடையில் வைப்பார். பச்சை ஏறினால் சோலனின் என்ற நஞ்சு கூடிய அடையாளம். நான் சாக்குப் பைக்குள் ஒளித்துவைக்கிறேன். காற்றாட வேண்டும் என்று அவர் வெளியே எடுத்துவைக்கிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாமியார் மரியாதை பார்க்கவில்லை. தொட்டிக்குக் கீழே, மாம்பழ ஜூஸ் பாட்டிலில், தெருவில் சைக்கிளில் வருகிறவரிடம் வாங்கின ஆசிட் இருந்தது. மஞ்சள் நிறம். ஜூஸ் பாட்டில். கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீடு. தெரியாமல் யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. எரித்துக்கொண்டு போனது திரும்பி வரும்போதும் எரிக்கும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் அத்தை தலையாட்டிவிட்டார். ஆசிட்டை அந்தச் சைக்கிள்காரரிடமே திருப்பிக் கொடுத்தோம். இனி கடையில் சீல் வைத்து, பெயர் அச்சடித்து விற்கிற பாட்டில்தான். அதுவும் பூட்டுப் போட்ட அலமாரியில்.

காலி ஜூஸ் பாட்டில் மறுபடி ஏதாவது ஒன்றுக்கு வீடாகிவிடும் என்று தெரியும். அதனால் அவர் கண்முன்னாலேயே அதைக் கத்தரியால் குறுக்கே இரண்டாக வெட்டினேன். மேல் பாதியைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லெண்ணெய் ஊத்த ஒரு புனல் இல்லாம எவ்வளவு நாளா கஷ்டப்பட்டுக்கிட்டிருந்தேன் தெரியுமா?”