கெட்டிமேளத் தீர்மானங்கள்

எங்கள் ஊரில் ஓர் அண்ணன் இருக்கிறார். அ.தி.மு.க. பொதுக்குழு உறுப்பினர். பெயர் எதற்கு? 2022 வழக்குக் காகிதங்களின்படி அவரைப் போல 2,665 பேர். ஒருவரைச் சொன்னால் எல்லாரையும் சொன்ன மாதிரிதான்.

அவர் கட்சிக்காக இதுவரை எடுத்த முடிவுகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாமே என்று ஒருநாள் உட்கார்ந்தேன். அரசாங்க ஊழியருக்கு எஸ்.ஆர். புத்தகம் உண்டு. என்றைக்கு வேலையில் சேர்ந்தார், என்றைக்கு மெமோ வாங்கினார், எல்லாம் அதில் ஏறிவிடும். நம் தலைக்கு மேல் யார் உட்கார வேண்டும் என்பதற்கு முதல் கை தூக்குகிறவர் இவர். இவர் கைக்கு ஒரு எஸ்.ஆர். வேண்டாமா?

சட்டமன்றத்திலாவது எண்ணுகிறார்கள். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்குக் கோரியபோது மைக் உடைந்தது, சட்டை கிழிந்தது, தி.மு.க.வினரை வெளியே தூக்கிப் போட்டார்கள். ஆனாலும் கடைசியில் ஆதரவு 122, எதிர்ப்பு 11 என்று ஒரு கணக்கு எழுதி வைத்தார்கள். பொதுக்குழுவில் அந்த அசிங்கமெல்லாம் கிடையாது. அங்கே ஒரே ஒரு எண்தான்: ஏகமனது.

சரி, எஸ்.ஆர். புத்தகத்தைத் திறப்போம்.

முதல் பதிவு, 2016 டிசம்பர் 29. இடம் சென்னை வானகரம், ஸ்ரீவாரு வெங்கடாசலபதி பேலஸ். ஜெயலலிதா இறந்து 24 நாள். சசிகலாவைப் பொதுச்செயலாளராக நியமிக்கத் தீர்மானம். அண்ணன் கை மேலே போனது. தீர்மானக் காகிதத்தைப் போயஸ் தோட்டத்துக்குக் கொண்டுபோனவர்களில் முதலமைச்சராக இருந்த ஓ. பன்னீர்செல்வமும் ஒருவர். அண்ணன் ஊர் திரும்பியதும் பஸ் நிலையத்தில் 'சின்னம்மா' படம் போட்ட ஃபிளெக்ஸ் ஏறியது. கீழ் ஓரத்தில், கும்பிட்டபடி, அண்ணன்.

இரண்டாவது பதிவு, 2017 செப்டம்பர் 12. அதே வானகரம், அதே மண்டபம். டிசம்பரில் செய்த நியமனம் ரத்து. பொதுச்செயலாளர் நாற்காலி அம்மாவுக்கு மட்டுமே, இனி அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒருங்கிணைப்பாளர் ஒருவர், இணை ஒருங்கிணைப்பாளர் ஒருவர். அண்ணன் கை மேலே போனது. அதே கைதான். முந்தின தடவை தூக்கிய வலிகூடத் தீர்ந்திருக்காது.

மூன்றாவது பதிவு, 2022 ஜூன் 23. மண்டபத்தைச் சொல்ல வேண்டுமா? இதற்கு முந்தின இரவு முழுக்க உயர் நீதிமன்ற நீதிபதிகள் தூங்கவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்த 23 தீர்மானங்களைத் தவிர வேறெதையும் முடிவு செய்யக் கூடாது என்று விடியற்காலையில் உத்தரவு போட்டார்கள். அண்ணனும் தோழர்களும் சட்டத்தை மதிக்கிறவர்கள். வேறெதையும் முடிவு செய்யவில்லை. அந்த 23-ஐயும் மொத்தமாக நிராகரித்தார்கள், அவ்வளவுதான். மேடையில் சி.வி. சண்முகம் மைக்கில் முழங்க, கீழே அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். 23-இல் ஒன்பதாவது தீர்மானம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாது. தெரியாததை ஏற்பதும் தெரியாததை மறுப்பதும் அவருக்கு ஒரே உழைப்புதான். ஐந்து வருஷம் முன்பு இவர் கைதூக்கி ஒருங்கிணைப்பாளர் ஆக்கிய பன்னீர்செல்வத்தின் பக்கம் அன்றைக்குத் தண்ணீர் பாட்டில் பறந்தது.

நான்காவது பதிவு, 2022 ஜூலை 11. காலை ஒன்பது மணிக்கு நீதிமன்றம் தடையில்லை என்றது. மண்டபம் அதே மண்டபம். ஒருங்கிணைப்பாளர் பதவிகள் ஒழிந்தன. யாரும் உட்கார மாட்டார்கள் என்ற நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அதில் எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர். பன்னீர்செல்வமும் கூட மூன்று பேரும் கட்சியை விட்டு நீக்கம். அண்ணன் கை மேலே போனது. அதே நேரம் ராயப்பேட்டையில் கட்சித் தலைமை அலுவலகக் கதவு உடைந்தது, கல் பறந்தது, ரத்தம் சிந்தியது. ரத்தத்தின் ரத்தமே என்று எம்.ஜி.ஆர். கூப்பிட்டதை ர.ர.க்கள் கொஞ்சம் நேரடியாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மாலைக்குள் வருவாய்த் துறையினர் வந்து கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள்.

கணக்குப் போட்டேன். 'இனி யாரும் உட்கார மாட்டார்கள்' என்ற சொல்லுக்கு ஆயுள் 4 வருஷம் 10 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. எங்கள் ஊர் நெடுஞ்சாலைத் துறை போட்ட தார் சாலை இதைவிடக் கொஞ்சம் முன்னதாகப் பெயர்ந்தது. அந்த மட்டுக்கும் பொதுக்குழுவைப் பாராட்ட வேண்டும்.

அண்ணனிடமே ஒருநாள் கேட்டுவிட்டேன். டீக்கடை. அவர் கையில் வாழைக்காய் பஜ்ஜி.

"ஏண்ணே, இத்தனை கூட்டத்துல எதிர்ப்புன்னு ஒருத்தர்கூடக் கை தூக்கலையா?"

"ஆதரிக்கிறவங்க தூக்குங்கன்னு சொல்லுவாங்க தம்பி. எதிர்க்கிறவங்க தூக்குங்கன்னு யாரும் சொல்றதே இல்லையே. சொல்லாம எப்படித் தூக்குறது? கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல."

பஜ்ஜியை அவர் சட்னியில் தோய்த்த நிதானத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு கட்சியின் ஜனநாயகம் மொத்தமும் அந்தச் சட்னியில் தோய்ந்து போனது.

கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு நடத்துவதன் பொருத்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தாலி ஏறும் நேரத்தில் ஓரத்தில் யாராவது தும்மினால், அபசகுனமாக ஒரு வார்த்தை சொன்னால், அது காதில் விழக் கூடாது. அதற்குத்தான் கெட்டிமேளம். பொதுக்குழுக் கைதட்டலுக்கும் அதே உத்தியோகம். தும்மல் இல்லை என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. கேட்கவில்லை, அவ்வளவே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளை யார் என்பது பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கும்.

இதில் எனக்கு எரிச்சல் வருகிற இடம் வேறு. இந்தக் கைகளை எண்ணவே முடியாது என்றில்லை. வழக்கு என்று வந்ததும் எண்ணினார்கள். ஜூலை 11 கூட்டத்தைக் கூட்டக் கோரியவர்கள் 2,190 பேர் என்று கையெழுத்தோடு கணக்குக் காட்டினார்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆக, எண்ணத் தெரியும். கட்சிக்குள் யாரையாவது தேர்ந்தெடுக்கும்போதுதான் எண்ண மாட்டார்கள். நீதிபதி முன்னால் மட்டும் அண்ணன் ஒரு தலை. மண்டபத்தில் அவர் வெறும் சத்தம். தனி நீதிபதி முந்தைய நிலை தொடர வேண்டும் என்றார். இரண்டு நீதிபதிகள் அதைத் தள்ளினார்கள். 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் ஜூலை 11 கூட்டம் செல்லும் என்றது. அண்ணன் கத்தியதற்கு நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்து முத்திரை.

இந்தக் கட்சி எப்படிப் பிறந்தது என்பது அண்ணனுக்கு மறந்திருக்கலாம். 1972 அக்டோபரில் தி.மு.க. பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். பொதுமேடையில் கணக்குக் கேட்டார். கணக்குக் கேட்டவரைக் கட்சி நீக்கியது. அக்டோபர் 17 அன்று புதுக் கட்சி. அதன் விதிகளில் ஒரு விதி, பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த விதியை மாற்றினாலும் இதை மட்டும் மாற்றக் கூடாது என்று அதற்கு ஒரு காவல் விதி வேறு. அண்ணனின் கை அந்தக் காவலைத் தாண்டிக் குதித்த தடவைகளை மேலே பார்த்தீர்கள்.

2022-இல் அந்த உரிமையை அடிப்படை உறுப்பினருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். கொடுத்ததைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவர் ஐந்து வருஷம் தலைமைக் கழக நிர்வாகியாக இருந்திருக்க வேண்டும். பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். 2023 மார்ச்சில் ஒரே ஒருவர் மனுப் போட்டார். 28-ஆம் தேதி ஜெயித்தார். ஓட்டுப்போடும் உரிமை தொண்டனுக்குத்தான். ஓட்டுப்போடும் சிரமம் மட்டும் வேண்டாமே என்ற கரிசனம். அதற்கு முன்பு 2021 டிசம்பரில் இன்னும் தாராளமாக இருந்தார்கள். ஒருங்கிணைப்பாளரையும் இணை ஒருங்கிணைப்பாளரையும் சேர்த்து ஒரே ஓட்டில் தேர்ந்தெடுக்கலாம் என்று செயற்குழு விதி செய்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அங்கேயும் போட்டியில்லை. ஆறு மாதம் கழித்து, அந்த விதியைப் பொதுக்குழு அங்கீகரிக்கவில்லை, ஆகவே அந்தப் பதவிகளே காலாவதி என்று ஒரு தரப்பு வாதாடியது. அங்கீகரிக்காதவர் யார்? பஜ்ஜி தின்கிறாரே, அவர்தான்.

அறிவாலயத்துப் பக்கம் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது. 1969 முதல் 2018 வரை ஒரே தலைவர். 2018 ஆகஸ்ட் 28 அன்று மகன், போட்டியின்றி. 2022 அக்டோபரில் மறுபடி மகன், மறுபடி போட்டியின்றி. அங்கே மண்டபம் சண்டையில்லாமல் நடக்கிறது. மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒன்றாக இருந்தால் சண்டை எங்கிருந்து வரும்? பா.ம.க.வில் 2025 ஆகஸ்டில் எட்டு நாள் இடைவெளியில் இரண்டு பொதுக்குழு, மகனுக்கு மாமல்லபுரத்தில் ஒன்று, தகப்பனாருக்குப் பட்டானூரில் ஒன்று. இரண்டு இடத்திலும் கைதட்டலுக்குக் குறைவில்லை. வடக்கே பா.ஜ.க.விலும் 2020-இல் நட்டா போட்டியின்றித்தான். காங்கிரஸைப் பற்றி நல்லது சொல்ல எனக்கு அடிக்கடி வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஆனால் 2022-இல் கார்கேவுக்கு 7,897, தரூருக்கு 1,072, செல்லாதவை 416 என்று எண்ணிச் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது அந்த 416. செல்லாத ஓட்டு என்று ஒன்று இருந்ததென்றால், அங்கே ஓட்டு என்று ஒன்று இருந்திருக்கிறது.

அண்ணனின் எஸ்.ஆரில் கடைசியாக ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. 2023 செப்டம்பர் 25 அன்று தலைமை நிர்வாகிகளும் மாவட்டச் செயலாளர்களும் கூடி பா.ஜ.க. கூட்டணியை முறித்தார்கள், ஏகமனதாகத்தான். அன்றைக்கு அண்ணன் பட்டாசு வெடித்தார். 2025 ஏப்ரல் 11 அன்று சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் அமித் ஷா கூட்டணி திரும்ப வந்துவிட்டதாக அறிவித்தார். பக்கத்தில் பழனிசாமி பேசாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கையை அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. டி.வி.யில்தான் பார்த்தார். ஆனாலும் மறுநாள் ஃபிளெக்ஸ் கடையில் முதல் ஆளாக நின்றார்.

அந்தக் கடையில்தான் அவருடைய உண்மையான பதிவேடு இருக்கிறது. கம்ப்யூட்டரில் அவர் பெயரில் ஒரு ஃபோல்டர். 2016-இன் சின்னம்மா, 2017-இன் இரட்டைத் தலைகள், 2022-இல் பாதி வெட்டியது, எல்லாம் தேதிவாரியாக. கட்சியில் யாரும் இத்தனை ஒழுங்காகக் கோப்பு வைத்திருக்க மாட்டார்கள். டிசைன் போடும் பையன் பழைய தலைகளை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, புதுத் தலையை நடுவில் வைத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இந்தப் பழைய படமெல்லாம் இடத்தை அடைக்குது. அழிச்சிடவா?"

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலை இறக்கினார்.

"வேணாம்டா தம்பி. ஓரமா வை."