டெஸ்டருக்கும் டெஸ்ட்!

கே: இங்கிலாந்தில் என் கார் வருஷா வருஷம் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிப் பரீட்சைக்குப் போகிறது. அதைச் சோதிக்கும் டெஸ்டர் என்றைக்கோ ஒருநாள் பாஸானவர்தானே?
– பழைய கார்க்காரர், க்ராய்டன்

ப: இல்லை, அவருக்கும் வருஷா வருஷம் பரீட்சை உண்டு. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சுக்குள் குறைந்தது 3 மணி நேரப் பயிற்சி; ஐந்து வருஷத்தில் 16 மணி நேரம். ஐம்மூன்று பதினைந்துதானே என்கிறீர்களா? ஒரு மணி கொசுறு! அங்கே புதுக் காருக்காவது முதல் 3 வருஷம் விலக்கு. டெஸ்டருக்கு அதுவும் கிடையாது.

கே: பாஸ் மார்க் எவ்வளவு?
– கணக்கு வாத்தியார், வெம்ப்ளி

ப: 80 சதவீதம். டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் கார் ஃபெயில். டெஸ்டருக்கு மட்டும் 20 சதவீதம் தேய்மானம் அனுமதி!

கே: முப்பது வருஷமாக டெஸ்டர் நான். எனக்கே பரீட்சையா? நியாயமா?
– கராஜ்காரர், ஹாரோ

ப: 2018 மே மாதம் விதிகள் மாறின. குறைகளை 'ஆபத்தானது, பெரியது, சிறியது' என்று பிரித்தார்கள். உங்கள் முப்பது வருஷக் கை, பழைய விதிப்படியே போகும். அது கையின் குற்றமில்லை, பழக்கதோஷம். அதே வருஷத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம் என்பது ஆறுதல். மார்ச் 31 தாண்டினால்தான் வம்பு. இந்தப் பரீட்சைகளை மேற்பார்க்கும் அரசு அமைப்பான டி.வி.எஸ்.ஏ.வின் அதிகாரி முன்னால் ஒரு வண்டியைச் சோதித்துக் காட்டும்வரை வேலை கிடையாது. முப்பது வருஷ தாம்பத்தியத்துக்குப் பிறகு மறுபடி பெண் பார்க்கும் படலம்!

கே: டெஸ்டர் என் காரை அநியாயமாக ஃபெயிலாக்கிவிட்டால்?
– நொந்த உள்ளம், ஈஸ்ட் ஹாம்

ப: வி.டி.17 என்ற படிவத்தை நிரப்பி, 14 வேலை நாட்களுக்குள் டி.வி.எஸ்.ஏ.வுக்கு அப்பீல் செய்யலாம். கட்டணத்தை இன்னொரு தடவை கட்ட வேண்டும். காருக்கு உச்ச வரம்பு 54.85 பவுண்டு. ஜெயித்தால் முழுசாகவோ கொஞ்சமாகவோ திரும்பி வரும். அதுவரை மச்சானிடம் கொடுத்து ரிப்பேர் பார்த்துவிடாதீர்கள். சாட்சியைக் காணாமல் அடித்துவிட்டு வழக்காட முடியாது. அதிகாரி வந்து பார்ப்பது உங்கள் காரை. உள்ளுக்குள் வேர்ப்பது டெஸ்டருக்கு.

கே: தப்பாகப் பாஸ் போட்டுவிட்டால் நமக்கு லாபம்தானே?
– சந்தோஷ சாமி, லெஸ்டர்

ப: உங்களுக்கு லாபம். அந்தக் காரை உங்களிடம் வாங்குகிறவருக்கு? அதனால் தவறான பாஸை எதிர்த்தும் அப்பீல் உண்டு: துருப்பிடித்த விஷயமென்றால் 3 மாதம், மற்றதற்கு 28 நாள் அவகாசம். 'எனக்கு ஏன் சார் மார்க்கைக் கூட்டிப் போட்டீர்கள்?' என்று ஹெட்மாஸ்டர் அறைக்குப் போன பையனை நான் பார்த்ததில்லை. இங்கே அதற்கும் கதவு திறந்திருக்கிறது.